கோணல் பெடல்: நகர்த்துவதா, வளைப்பதா, புதிதாகச் செய்வதா, வாங்குவதா?

போன மாதம் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் கோபிக்காரர். மாருதி 800 இன்ஜினைப் பின்னால் வைத்து, சும்மா ஆசைக்கு ஒரு பக்கி (திறந்த குட்டி வண்டி) கட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் பீளமேட்டில் படிக்கும் மாணவர், கல்லூரி அணியின் பந்தய வண்டியில் பிரேக் இவர் பொறுப்பு. மூன்றாமவர் பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்புக்குள் உரமூட்டையும் ஆளும் ஏற்றிப்போக ஒரு குட்டி வண்டி செய்கிறார்.

மூவர் வண்டியிலும் பெடல் செட் நேராக உட்காரவில்லை. ஒருவருக்கு பெடல் தள்ளும் ராடு, பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் சாய்ந்துகொண்டு போகிறது. ஒருவருக்கு கிளட்ச் பெடல் ஸ்டியரிங் தண்டில் இடிக்கிறது. தோப்புக்காரருக்கு பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒரே செருப்புக்குள் அடங்கிவிடுகின்றன. "வளைச்சுப் போட்டுக்கலாங்களா, இல்ல வேற செட்டு வாங்கறதுங்களா?" என்று கேட்டார்.

ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நானே இந்தக் கோணலோடு ஒரு வருடம் மல்லுக்கட்டியவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் தோட்டத்துக்கும் பந்தயத் தடத்துக்கும் ஓடும் வண்டிகளைப் பற்றிய பேச்சு. ரோட்டில் ஓடும், பதிவான காரில் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை.

## கோணல் எங்கிருந்து வருகிறது

பழைய காரிலிருந்து கழற்றிய பெடல் செட் அந்தக் காரில் நேராகத்தான் இருந்தது. நம் ஊர் காரில் டிரைவர் வலது பக்கம். முன்சக்கரத்தின் வளைவு வலது காலுக்கு இடத்தைத் தின்றுவிடும். அதனால் கம்பெனிக்காரனே பெடல்களை இடது பக்கம் தள்ளி, தண்டுகளை அதற்கேற்ப நெளித்து வைத்திருப்பான். அதைக் கழற்றிக்கொண்டு வந்து, சதுரக் குழாயில் நேர்க்கோடாகக் கட்டிய சட்டத்தில் மாட்டினால் அந்த நெளிவு நமக்குக் கோணலாகத் தெரிகிறது.

இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. காரில் பெடல் செட்டின் பிராக்கெட், காலுக்கு முன்னால் இருக்கும் தடுப்புத் தகடான ஃபயர்வாலில் மட்டும் நிற்பதில்லை, மேலே டேஷ்போர்டு குறுக்குச் சட்டத்திலும் ஒரு பிடி இருக்கும். நாம் கழற்றும்போது கீழே நான்கு போல்ட்டை எடுத்துக்கொண்டு, மேல் பிடியை அங்கேயே விட்டுவிட்டு வருவோம்.

நானும் விட்டுவிட்டுத்தான் வந்தேன். ஃபயர்வாலாக நான் போட்டது 1.2 மிமீ தகடு. வண்டி ஓடியது, பிரேக்கும் பிடித்தது, ஆனால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. பிரேக் பைப்புக்குள் ஏர் (காற்று) இருக்கிறது என்று நினைத்து நான்கு தடவை ஏர் எடுத்தேன், பிரேக் ஆயில் பாட்டில் பாட்டிலாகப் போனது. கடைசியில் கோவை கணபதிப் பகுதியில் லேத் போட்டிருக்கும் அண்ணன் வந்தார். வந்தவர் சக்கரத்துப் பக்கமே போகவில்லை. முன்பக்கம் குனிந்து உட்கார்ந்துகொண்டு, "தம்பி, நல்லா வெசையா ஒரு மிதி மிதிங்க" என்றார். மிதித்தேன். "இன்னொருக்கா." மிதித்தேன். அப்புறம் என்னை இறங்கச் சொல்லி, அவர் ஏறி உட்கார்ந்து, என்னை முன்னால் நின்று பார்க்கச் சொன்னார். மாஸ்டர் சிலிண்டரைச் சுற்றியிருந்த தகடு, பூரி உப்புகிற மாதிரி என்னைப் பார்த்து உப்பியது. கால் எடுத்ததும் 'டப்'பென்று உள்ளே போனது. "ஏருங்களா அது? உங்க தகடு மூச்சு உடுதுங்க" என்றார்.

அளந்து பார்த்தால் உப்பல் 4 மிமீ. என் பெடல் விகிதம் 5.5, அதாவது ராடு 1 மிமீ நகர பாதம் 5.5 மிமீ நகர வேண்டும். ஆக, பாதத்தில் 22 மிமீ காணாமல் போயிருந்தது. அத்தனையும் ஏர் என்று நினைத்து ஆயிலைக் கொட்டியிருக்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான்கு வழிகளையும் எடை போடும் முன் அளவுகோல்கள். எல்லாமே சம முக்கியம் கிடையாது. முதல் இரண்டில் தேறாத வழியை, மற்றதில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தள்ளிவிடுங்கள்.

ராடு நேராகப் போக வேண்டும். பெடல் தண்டிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குள் போகும் புஷ் ராடு, மேலிருந்து பார்த்தால் சிலிண்டரின் நடுக்கோட்டிலேயே இருக்க வேண்டும். 100 மிமீ நீள ராடு 5 மிமீ பக்கவாட்டில் விலகினால் ஏறக்குறைய 3 டிகிரி சாய்வு. அதுவரை நான் பொறுத்துக்கொள்வேன். என் பழைய வண்டியில் 90 மிமீ ராடு 14 மிமீ விலகியிருந்தது, கிட்டத்தட்ட 9 டிகிரி. 40 கிலோ அழுத்தி மிதித்தால், 5.5 விகிதத்தில் ராடில் 220 கிலோ வரும். 9 டிகிரி சாய்வில் அதில் 34 கிலோ பிஸ்டனைப் பக்கச் சுவரில் தேய்க்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் இதே கதை என்றால் பிஸ்டனின் ரப்பர் வாசர் எத்தனை நாள் தாங்கும்?

பக்கத்திலிருந்து பார்க்கும்போது ராடு கொஞ்சம் மேலும் கீழும் ஆடுவது இயல்பு, ஏனென்றால் பெடல் துளை வட்டத்தில்தான் நகரும். ஆனால் அதையும் குறைக்கலாம். பெடல் சுழலும் பிவட் பின்னிலிருந்து 48 மிமீ தள்ளி ராடு துளை, பிஸ்டன் ஓட்டம் 25 மிமீ என்று வையுங்கள். பாதி ஓட்டத்தில் ராடும் பெடல் தண்டும் செங்குத்தாக வருகிற மாதிரி அமைத்தால் துளை மேலும் கீழும் 1.7 மிமீதான் ஆடும். பெடல் மேலே நிற்கும்போதே செங்குத்தாக வைத்துவிட்டால், முழு மிதியில் 7 மிமீ ஆடும்.

பெடல் நிற்கும் இடம் அசையக் கூடாது. ஃபார்முலா மாணவர் போட்டிகளின் விதியில் பிரேக் பெடலும் அதன் பிடிமானமும் 2,000 நியூட்டன், அதாவது 200 கிலோ சொச்சம், தாங்க வேண்டும் என்று இருக்கிறது. தோட்டத்து வண்டிக்கும் நான் அதையே அளவாக வைப்பேன். குறுக்கே மாடு வந்தால் காலுக்குத் தோட்டம், ரேஸ் என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது. 5 விகிதத்தில் 200 கிலோ மிதி, மாஸ்டர் சிலிண்டர் பிடித்திருக்கும் தகட்டில் ஒரு டன்னாகப் போய் நிற்கும்.

விகிதம். பிவட்டிலிருந்து மிதிதட்டின் நடுவரை உள்ள தூரத்தை, பிவட்டிலிருந்து ராடு துளை வரை உள்ள தூரத்தால் வகுத்தால் விகிதம். மிதிக்கு இன்ஜின் உதவியோடு பலம் சேர்க்கும் பூஸ்டர் இருந்தால் 4 அளவில் போதும். பூஸ்டர் இல்லாவிட்டால் 5.5 முதல் 6 வரை வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள், கீழே வருகிறேன்.

கால். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவே இடைவெளி, கிளட்ச் மிதிக்கும்போது ஸ்டியரிங் தண்டில் முழங்கால் படாமை, பெடல் முழுதாகக் கீழே போகும் வரை எதுவும் தடுக்காமை. ஷூ போட்டு அளக்காதீர்கள். தோட்டத்தில் யார் ஷூ போடுகிறார்கள்? செருப்போடு உட்கார்ந்து அளங்கள், மழைக்காலத்துச் சேறு அப்பிய செருப்போடு.

பணம், நாள், உதிரி பாகம் கிடைப்பது எல்லாம் அதற்கப்புறம்.

எதைத் தொடும் முன்பும் சீட்டை இறுதியாக இறுக்கிவிடுங்கள். கோபிக்காரர் சீட்டையே இன்னும் மாட்டவில்லை, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் பெடல் கோணல் என்கிறார். சீட்டை 25 மிமீ இடது பக்கம் தள்ளினாலே பாதிக் கோணல் போய்விடும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

## வழி 1: செட் அப்படியே, இடத்தை மட்டும் நேராக்குவது

பெடல் செட்டில் கை வைக்காமல், அது நிற்கும் தகட்டையும் துளைகளையும் மாற்றுவது. எனக்குப் பிடித்த வழி இதுதான், கடைசியில் நான் செய்ததும் இதுதான்.

ஃபயர்வால் தகட்டின் மேல், இரண்டு சட்டக் குழாய்களுக்கு நடுவே பாலம் மாதிரி 8 மிமீ எம்.எஸ். (சாதாரண மென்னிரும்பு) தகடு ஒன்றை வெல்டு செய்ய வேண்டும். 200-க்கு 150 மிமீ தகடு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். எடை கூடுகிறதே என்று யோசிக்காதீர்கள், மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. பெடல் செட்டையும் மாஸ்டர் சிலிண்டரையும் ஒன்றாக மாட்டி, ராடு நேராக இருக்கும் நிலையில் அட்டையில் துளைகளைக் குறித்து, அந்த அட்டையைத் தகட்டில் வைத்துத் துளை போடுங்கள். தகட்டில் ஏற்கெனவே இருக்கும் துளைக்காக ராடைச் சாய்ப்பது என்ற வேலையே கூடாது. பழைய துளை கிடக்கட்டும், மூடிக்கொள்ளலாம்.

செட்டின் முகமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வாசர் அடுக்கிச் சரி செய்யத் தோன்றும். ஒரு பக்கம் மூன்று வாசர், மறுபக்கம் ஒன்று. போல்ட் இறுகும்போது அந்தப் பக்கம் வளையும், பத்து நாளில் லூசாகும். லேத்தில் சொன்னால் ஒரு ஆப்புத் தகடு மில்லிங் செய்து கொடுப்பார்கள், நூறு இருநூறு ரூபாய் வேலை. நீள்துளை போட்டு அட்ஜஸ்ட் செய்வதும், தற்காலிகமாகப் புள்ளி வைக்கும் டேக் வெல்டு வரைதான். முடிவில் வட்டத் துளை, தானாகத் தளராத நைலாக் நட்டு.

மேல் பிடியை மறக்கக் கூடாது. பிராக்கெட்டின் மேல் முனையிலிருந்து டேஷ் குழாய்க்கு ஒரு சின்னக் குழாய் கொடுங்கள். என் வண்டியில் தகடும் இந்தக் குழாயும் போட்ட அன்றைக்கே பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. ஏர் ஒரே ஒரு தடவைதான் எடுத்தேன்.

ஒளிந்திருக்கும் செலவு. மாஸ்டர் சிலிண்டர் நகர்ந்தால் பிரேக் பைப் பழைய இடத்துக்கு எட்டாது. புது பைப், அதன் முனையை விரித்து மடிக்கும் இரட்டை ஃபிளேர், மறுபடி ஏர் எடுப்பது. கிளட்ச் கேபிள் புதுக் கோணத்தில் கூர்மையாக மடிந்தால் கிளட்ச் கனக்கும்.

இவற்றைவிடப் பெரியது பூஸ்டர். சின்ன வண்டியில் இடமில்லை என்று பூஸ்டரைக் கழற்றிவிட்டு, பூஸ்டருக்காகச் செய்த பெடலை அப்படியே போடுகிறார்கள். அந்தப் பெடலின் விகிதம் 4 அளவில்தான் இருக்கும். 40 கிலோ மிதித்தால் ராடில் 160 கிலோ, உதவிக்கு யாரும் இல்லை. வண்டி நிற்காது, மெல்ல யோசித்து நிற்கும். 264 மிமீ நீளப் பெடலில் ராடு துளை 66 மிமீயில் இருந்தால் விகிதம் 4. அதை 6 ஆக்க துளையை 44-க்கு ஏற்ற வேண்டும். துளை 22 மிமீ ஏறினால் சிலிண்டரும் 22 மிமீ ஏற வேண்டும், இல்லாவிட்டால் ராடு மறுபடி சாய்வு. அதாவது தகட்டில் துளை போடும் முன்பே பூஸ்டர் உண்டா இல்லையா என்று முடிவாகியிருக்க வேண்டும்.

யாருக்கு ஏற்றது: செட் கைவசம் இருக்கிறது, தண்டுகள் நல்ல நிலையில் இருக்கின்றன, ஃபயர்வாலில் இன்னும் வெல்டு வைக்க முடியும் என்பவர்களுக்கு. நூற்றுக்கு எழுபது பேருக்கு இதுவே போதும் என்பேன்.

## வழி 2: பெடல் தண்டை வளைப்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இது. கேஸ் வைத்துச் சூடாக்கு, ஒரு குழாயைச் செருகு, நெம்பு. பத்து நிமிட வேலை, ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும்.

ஆக்சிலேட்டர் பெடலுக்கு தாராளமாகச் செய்யுங்கள். கேபிளை இழுப்பதுதான் அதன் வேலை, பெரிய சுமை இல்லை. கிளட்சுக்கும் அளவோடு செய்யலாம். பிரேக்கில் தண்டை விட்டுவிட்டு மிதிதட்டை மட்டும் 15, 20 மிமீ பக்கவாட்டில் நகர்த்தி வெல்டு வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலும் தகடு மடித்த இரும்புத் தண்டாக இருக்க வேண்டும். வார்ப்பு அலுமினியத் தண்டை நெம்பினால் வளையாது, ஒடியும். அங்கேயே ஒடிந்தால் அதிர்ஷ்டம், ஓடும்போது ஒடிந்தால்?

தட்டு நகர்ந்தால் முறுக்கு விசை கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 30 மிமீ தள்ளிய தட்டில் 200 கிலோ விழுந்தால் தண்டில் வரும் முறுக்கு கிட்டத்தட்ட 59 நியூட்டன் மீட்டர். பிவட் புஷ் அகலம் குறைவாக இருந்தால் பெடல் பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். ஆடினால் ராடும் ஆடும், நேராக்கியதெல்லாம் வீண்.

தண்டையே நடுவில் அறுத்து, தள்ளி வைத்து, வெல்டு செய்வதைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் உண்டு. என் முதல் வண்டியில் ஒரு வெல்டிங் பட்டறையில் அப்படித்தான் செய்து வாங்கினேன். கிரைண்டர் போட்டு, பெயிண்ட் அடித்து, பார்க்க அழகாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து வண்டியைக் கழுவும்போது, கறுப்புப் பெயிண்டில் தலைமுடி அளவுக்கு ஒரு செம்பழுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினேன், பெயிண்ட் உரிந்தது, கோடு போகவில்லை. வெல்டு ஓரத்தில் விரிசல் விட்டு, உள்ளே துரு ஏறி, அது வெளியே கசிந்திருக்கிறது. வைஸில் பிடித்து சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டியதும் இரண்டு துண்டு. அந்தத் துண்டை இன்னும் பட்டறை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

யாருக்கு ஏற்றது: ராடு ஏற்கெனவே நேராக இருந்து, பாதத்துக்கு மட்டும் இடம் சரியில்லாதவர்களுக்கு. ராடு சாய்வாக இருப்பவருக்கு வளைப்பது மருந்தே கிடையாது. பாதத்தில் கோணல் இருந்தால் பழகிக்கொள்ளலாம், ராடில் கோணல் இருந்தால் பழகவே முடியாது.

## வழி 3: பட்டறையில் புதிதாகச் செய்வது

இதற்கு நம் ஊர் மாதிரி வசதியான இடம் கிடையாது. கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள், நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரியும் போர்வெல் ரிக்கும். கோவையில் பம்பு செட்டுக்காகவே வளர்ந்த லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு. பெடல் பிவட்டுக்கு கன்மெட்டல் புஷ் வேண்டும் என்று தேடி அலைய வேண்டியதில்லை. மோட்டார் பம்பு வேலை செய்யும் பட்டறையில் துண்டு கிடக்கும், அளவு சொன்னால் கடைந்து, ரீமர் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

வடிவமும் பெரிய ரகசியம் இல்லை. 8 மிமீ எம்.எஸ். தகட்டில் லேசர் கட்டிங் செய்த ஒற்றைத் தண்டு, அகலம் 50 மிமீ. 264 மிமீ பெடல், ராடு துளை 48-இல். 200 கிலோ மிதித்தால் துளைக்குப் பக்கத்தில் வரும் தகைவு சுமார் 130 மெகாபாஸ்கல். சாதாரண எம்.எஸ். 250 வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும். துளை போடும் இடத்தில் மட்டும் அகலத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிடுங்கள். அட்டையில் வெட்டி, பிளைவுட்டில் ஒரு மாதிரி செய்து, வண்டியில் வைத்து உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் தகட்டுக்குப் போங்கள். பிளைவுட்டில் செய்த தப்புக்கு விலை முப்பது ரூபாய்.

இதன் பெரிய லாபம், விகிதம், இடைவெளி, உயரம் எல்லாம் நம் கையில். ராடு நேராக வருமா என்ற கேள்வியே இல்லை, நேராக வருகிற மாதிரி வரைவதுதான் வேலை.

நட்டம் எங்கே? நாளில். "நாளைக்கு வாங்க தம்பி" என்பதற்குப் பட்டறை அகராதியில் அடுத்த வாரம் என்று அர்த்தம். சின்னச் சின்ன உருப்படிகளும் இழுக்கும்: திரும்பி வரும் ஸ்பிரிங், பிரேக் லைட் ஸ்விட்ச் வைக்க ஒரு காது, பெடல் மேலே வரும்போது நிறுத்த ஒரு ஸ்டாப்பர். ஸ்டாப்பரை மறந்தால் அப்புறம் பெரிய வில்லங்கம். பெடல் மேலே எங்கே நிற்கும் என்பதே நிச்சயமில்லாமல் போகும். ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1 மிமீ சும்மா ஆட்டம் இருந்தே ஆக வேண்டும், 5.5 விகிதத்தில் அது பாதத்தில் ஐந்தரை மிமீ. அந்த ஆட்டம் இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, டேங்குக்குப் போகும் சின்னத் துளை மூடியே கிடக்கும். ஆயில் சூடாகி விரியும்போது போக வழியில்லாமல், காலே வைக்காமல் பிரேக் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஓடியதும் வண்டி கனக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

யாருக்கு ஏற்றது: பூஸ்டர் இல்லாத வண்டிக்கு, கால் வைக்கும் இடம் குறுகிய வண்டிக்கு, வரையத் தெரிந்தவருக்கு.

## வழி 4: ரெடிமேட் செட்

இரண்டு மாஸ்டர் சிலிண்டர், நடுவே பேலன்ஸ் பார், தரையில் நிற்கும் அலுமினிய பெடல்கள். வில்வுட், டில்டன் போன்ற வெளிநாட்டு பிராண்டுகள் இதற்குப் பெயர் போனவை. கிளட்சுக்கும் ஒன்று சேர்த்து மூன்று சிலிண்டரோடு, சுங்க வரியோடு பார்த்தால் அரை லட்சத்தைத் தாண்டும். வேலை சுத்தம், ராடு நேர், முன் பிரேக் பின் பிரேக் பங்கீட்டை ஸ்குரூ திருகி மாற்றலாம். பேலன்ஸ் பார் மிதியின் பலத்தை இரண்டாகப் பிரிப்பதால் சிலிண்டர் அளவையும் அதற்கேற்ப எடுக்க வேண்டும். முக்கால் அங்குலச் சிலிண்டரின் பரப்பு 2.85 சதுர செ.மீ., அரைக்கால் அங்குலம் குறைத்தால் 1.98. தப்பான அளவை வாங்கிவிட்டால் மாற்றித் தர அடுத்த தெருவில் கடை இல்லை.

தோப்பு வண்டிக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். தரையில் நிற்கும் பெடலுக்கு அடியில் செம்மண்ணும் தென்னை நார்த்தூளும் போய் அடைத்துக்கொள்ளும். அரை அங்குலம் தூள் சேர்ந்தால் பெடல் அந்த அரை அங்குலம் கீழே போகாது. தொங்கும் பெடலுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஒரு பக்கம் ஆயில் போனாலும் மறுபக்கம் பிடிக்கும் என்று இரண்டு சிலிண்டருக்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பாதுகாப்பு பழைய காரின் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரிலேயே இருக்கிறது.

யாருக்கு ஏற்றது: தடத்தில் ஓடும் வண்டிக்கு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பங்கீட்டை மாற்றிப் பார்க்க வேண்டியவர்களுக்கு.

## பக்கம் பக்கமாக வைத்தால்

செலவு என் கணக்கு, வேலைக் கூலியோடு. ஊருக்கு ஊர் மாறும்.

| | இடம் நேராக்கல் | வளைத்தல் | புதிதாகச் செய்தல் | ரெடிமேட் |
|---|---|---|---|---|
| ராடு நேராகுமா | ஆகும் | ஆகாது | ஆகும் | ஆகும் |
| விகிதத்தை மாற்றலாமா | துளை நகர்த்தினால் | முடியாது | இஷ்டப்படி | கொடுத்ததுதான் |
| செலவு | 3,000 சுமார் | 500 | 10,000 சுமார் | 50,000-க்கு மேல் |
| நாள் | 2 அல்லது 3 | ஒரு மணி நேரம் | பட்டறை மனசு | பார்சல் வரும் வரை |
| மறைந்த செலவு | பைப், கேபிள், பூஸ்டர் | விரிசல் | ஸ்பிரிங், ஸ்டாப்பர், அலைச்சல் | வரி, தப்பான சிலிண்டர் |

## மூவருக்கும் சொன்னது

கோபிக்காரருக்கு: முதலில் ஸ்டூலைத் தூக்கிப் போட்டுவிட்டு சீட்டை மாட்டுங்கள். பூஸ்டர் வேண்டாம் என்கிறீர்கள், உங்கள் பெடலோ பூஸ்டர் காரினது. துளையை ஏற்றி, சிலிண்டரையும் ஏற்ற இடம் இருந்தால் வழி 1. சிலிண்டர் மேலே ஏறினால் ஸ்டியரிங் இடிக்கும் என்றால் வழி 3-க்குப் போய்விடுங்கள், நடுவில் நின்று வாசர் அடுக்காதீர்கள்.

மாணவருக்கு வழி 3, தயங்காமல். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் மாணவர் போட்டிகளில் பெடலைப் பார்க்கும் சோதகர், எங்கே வாங்கினாய் என்பதைவிட ஏன் இப்படிச் செய்தாய் என்றுதான் குடைவார். சொந்தமாக வரைந்திருந்தால் பதில் இருக்கும். பேலன்ஸ் பாரை மட்டும் வெளியே வாங்கி, மற்றதைக் கணபதியில் முடித்துக்கொள்ளலாம். கல்லூரிக் கணக்கில் பணம் இருக்கிறதென்றால் வழி 4-ஐ யாரும் குறை சொல்ல மாட்டார்கள், நானும்கூட.

தோப்புக்காரர் படம் அனுப்பினார். ராடு நேராகத்தான் இருக்கிறது, தகடும் தடியானது, மேல் பிடியும் போட்டிருக்கிறார். ஆக்சிலேட்டரை வலது பக்கம் வளைத்து, பிரேக் தட்டைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளினால் தீர்ந்தது. ஐந்நூறு ரூபாய் வழி பொருந்துகிற ஒரே ஆள் அவர்தான். "அப்ப நான் வளைச்சதே சரிதானுங்களே" என்றார். ஏற்கெனவே வளைத்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்!

எந்த வழியில் போனாலும் பெயிண்ட் அடிக்கும் முன் ஒரு சோதனை. குளியலறை எடை மெஷினைப் பெடலுக்கும் பாதத்துக்கும் நடுவே வைத்து, முதுகை சீட்டில் நன்றாக அண்டக்கொடுத்து மிதியுங்கள். நான் முக்கி முக்கி 90 கிலோதான் காட்டினேன். 200 வேண்டுமென்றால் சின்ன ஜாக்கியை சீட் சட்டத்துக்கும் பெடலுக்கும் நடுவே படுக்க வைத்து, மெதுவாக ஏற்ற வேண்டும். எடை மெஷினை அதற்கு முன் எடுத்துவிடுங்கள், வீட்டில் ஒன்றுக்கு நான் பதில் சொல்லியாகிவிட்டது. ஜாக்கி ஏறும்போது ஒருவர் முன்னால் நின்று தகட்டைப் பார்க்கட்டும், இன்னொருவர் டார்ச் அடித்து வெல்டு ஓரங்களைப் பார்க்கட்டும். இறக்கியபின் பெடல் பழைய இடத்துக்கே வருகிறதா என்று சாக்பீஸ் கோடு போட்டுப் பாருங்கள். கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் எங்கோ ஏதோ வளைந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பிறகே சாவியைத் தொடுங்கள்.